மிலாதாவின் சின்னத் தோட்டா

என் மனைவி மிலாதா பேருந்து ஓட்டுபவள். எங்கள் மொராவியா மலைச்சாலைகளில் பனி விழுந்து கிடக்கும்போதுகூட ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் காபி குடிப்பாள். அப்படிப்பட்டவள், எங்கள் ஊர் சுடும் கழகத்தில் கைத்துப்பாக்கியை எடுத்தால் மட்டும் சுமாராகத்தான் சுடுவாள். நான் அவளைவிடக் கொஞ்சம் தேவலாம். கழகத்தில் எல்லாரையும்விட நன்றாகச் சுடுபவன் ராதோவான். ஊரில் டயர் கடை வைத்திருக்கிறான். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் விலை ஏறிக்கொண்டே போனது. பயிற்சிக்கு ஒரு பெட்டி வாங்கினால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒருநாள் மிலாதா யாரோ பயன்படுத்திய சாமான்களை ஒரு பொட்டலமாக வாங்கிக்கொண்டு வந்து சமையல் மேசையில் பிரித்தாள். எங்கள் துப்பாக்கிக்கு மாற்றாகப் பொருத்தும் மேல்பாகம், மெல்லிய குழல், தோட்டா அடுக்கத் தனி மேகசின். பழைய மேல்பாகத்தைக் கழற்றி இதை மாட்டினால் அதே கைப்பிடி, அதே விசை, ஆனால் பாயிண்ட் டூ டூ சின்னத் தோட்டா சுடலாம். அது மலிவோ மலிவு.

"இது விளையாட்டுச் சாமான்டி," என்றேன். "அதிர்வே இருக்காது. பெரிய தோட்டாவுக்கு இது எப்படிப் பழக்கும்?"

"கைக்கு அதிர்வு பழகறது அப்புறம். முதல்ல விரலுக்குப் புத்தி வரட்டும்," என்றாள்.

குளிர்காலம் முழுக்கக் கழகத்தின் நிலவறையில் சுட்டோம். முதல் வாரமே ராதோவான் பிடித்துக்கொண்டான்.

"என்ன மிலாதா, கொசு அடிக்கிறியா?"

"கொசு எல்லாம் ஒரே இடத்துல போய் உக்காருது. உன் யானைதான் காகிதத்தை விட்டே ஓடிப்போகுது," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்ததில் அவன் காது சிவந்துபோனது.

மலிவுத் தோட்டாவில் ஒரு தொல்லை உண்டு. சிலது வெடிக்காது. ஒரு சாயங்காலம் அப்படித்தான் விசையை அழுத்தினாள், டிக் என்று மட்டும் சத்தம் வந்தது. ஆனால் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று கீழே குத்தியது. நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று குழலைக் கொஞ்ச நேரம் இலக்குப் பக்கமே பிடித்திருந்தாள்.

"வெடிக்கப்போகுதுன்னு பயந்து நானே கையை அமுக்கியிருக்கேன். இத்தனை வருஷமா இதேதான் பண்ணியிருக்கேன்," என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. வண்டியில் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு மேகசினில் தோட்டா போடுவது என் வேலையாயிற்று. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே பிளாஸ்டிக்கில் செய்த போலித் தோட்டா ஒன்றிரண்டைச் சொருகிவிடுவேன். எது எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் ஒவ்வொரு போலிக்கும் மூக்கு குத்தியது. கிறிஸ்துமஸ் தாண்டியதும் லேசாக நடுங்கியதோடு சரி. பனி உருகும் சமயம் போலி வந்தாலும் துப்பாக்கி பாறைபோல் நின்றது. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, ஒவ்வொரு தடவையும் கடைசியில் பழைய மேல்பாகத்தை மாட்டிப் பெரிய தோட்டா கொஞ்சம் சுடுவாள்.

பனி போனதும் முதல் முறையாகத் திறந்தவெளியில் இருபத்தைந்து மீட்டரில் பெரிய தோட்டாவைச் சுட்டாள். ஓட்டைகள் எல்லாம் கொத்தாக விழுந்திருந்தன, ஆனால் மையத்துக்கு இடப்பக்கம்.

ராதோவான் எட்டிப் பார்த்தான். "அட, பக்கத்து ஊர்க்காரன் இலக்கைச் சுட்டுட்டியே."

"கொத்தைப் பாருப்பா. கை சரியாத்தான் இருக்கு. இந்த மேல்பாகத்துல குறிபார்க்கிற முனைதான் கோணல்," என்றாள். நிலவறையில் கிட்டத்தில் சுட்டபோது அது தெரியவில்லை. நான் சுத்தியலை எடுத்தேன். "நீ தொடாதே," என்று வாங்கிக்கொண்டு, பின்பக்கத்துக் குறிமுனையை மெல்லத் தட்டித் தட்டி நகர்த்தினாள். அடுத்த கொத்து நடுவில் உட்கார்ந்தது.

வசந்தத்தில் மாவட்டப் போட்டி. நிதானமாகச் சுடும் பாதியில் ராதோவானைவிட இரண்டு புள்ளி மட்டும் பின்தங்கியிருந்தாள். வேகமாகச் சுடும் பாதி தொடங்கியது. கடைசிச் சுற்றின் நடுவில், பக்கத்து மேசைக்காரரின் துப்பாக்கியிலிருந்து தெறித்த சூடான தோட்டாக்கூடு ஒன்று வளைந்து பறந்து வந்து, நேராக மிலாதாவின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது.

இந்த மாதிரி சமயத்தில் ஆள் துள்ளிக் குதித்துத் துப்பாக்கியோடு திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை சிலிர்த்தது. இன்னும் இரண்டு குண்டு பாக்கி. சுட்டாள். மறுபடி சுட்டாள். மேகசினை உருவி, துப்பாக்கி காலி என்று நடுவருக்குக் காட்டி, மேசையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் சட்டைக்குள் கையை விட்டாள்.

"உங்களுதா?" என்று கூட்டைப் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினாள். அந்தப் பெரியவர் மன்னிப்புக் கேட்டு மாளவில்லை.

அந்த இரண்டு குண்டில் ஒன்று பத்து, இன்னொன்று ஒன்பது. மாவட்டத்தில் மூன்றாவது இடம். ராதோவான் நான்காவது. அவன் புள்ளிப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தான்.

"கழுத்துல நெருப்பை வெச்சுக்கிட்டு ஒன்பது போட்டிருக்கே. நானா இருந்தா கூரையைத்தான் சுட்டிருப்பேன்," என்று கையை நீட்டினான்.

"நீ நல்லாத்தான் சுட்டே. ஆனா விசையை இழுக்கறப்போ நீயும் மூக்கைக் குத்தறே. குளிர்காலத்துலேர்ந்து பாக்கறேன்," என்றாள் மிலாதா.

"குளிர்காலத்துலேர்ந்தா? சொல்றதுக்கென்ன?"

"போட்டி முடியட்டும்னு இருந்தேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்கு எங்கள் பீருக்கு அவன்தான் காசு கொடுத்தான். மிலாதா பொரித்த பாலாடைக்கட்டியை இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை காலர் பொத்தானைப் போடாமல் வண்டி எடுத்தாள். கழுத்தடியில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம். மண்டல அணியில் அவள் பெயர் சேர்ந்துவிட்டதாக மத்தியானம் அவளுக்குத் தொலைபேசி வந்தது. அவள் பேருந்து நிலையத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, "சாயங்காலம் நிலவறைக்கு வா, தோட்டா போட ஆள் வேணும்," என்று வைத்துவிட்டாள்.