கீழ்த்தொட்டியில் ஒரு சாண் காலி

1

எங்கள் கட்டடத்து முதல் மாடி நடையில் கிடந்த ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபோதுதான் இந்தக் கதை எனக்குத் தோன்றியது. (இது முழு உண்மை இல்லை. ஐந்தாம் பகுதியில் திருத்துகிறேன்.)

செவ்வாயும் வியாழனும் மாலையில் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். தொடக்கத்தை மூன்று முறையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியரின் விதி.

முதல் தொடக்கம்: "யுதேல்கா கடலைக் கனவில் கண்டாள்." (யுதேல்கா என் பக்கத்து வீட்டுக்காரி.) அடித்துவிட்டேன். எங்கள் ஊரான சாந்தோ தொமிங்கோவில் பேருந்து ஏறினால் இருபது நிமிடத்தில் கடல். அதற்குக் கனவு எதற்கு?

இரண்டாவது: "யுதேல்காவுக்கு யாருமில்லை." எனக்கு எப்படித் தெரியும்? சுவருக்கு இந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்காததை வைத்துச் சொல்கிறேன். என் வீட்டிலிருந்தும்தான் எதுவும் கேட்காது.

மூன்றாவது: "அலமாரியின் உள்ளகலம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர்." இது நிற்கட்டும். இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

2

அலமாரியின் உள்ளகலம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். அதன்மேல் நூற்று நாற்பது லிட்டர் உப்புநீர்த் தொட்டி. தொட்டியில் பவளம் கொஞ்சம், மீன் ஒன்று: முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். யுதேல்கா பகலில் பல்செட் செய்யும் கூடத்தில் அடுத்தவர் வாய்களுக்கு அளவு பார்ப்பாள். மாலையில் வந்து மீனுக்கு அன்றைய கதையைச் சொல்வாள். (இதை நான் கற்பனை செய்தேன். இல்லை, ஒருமுறை கேட்டேன்.)

பவளங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. தண்ணீரில் அழுக்கு ஏறுகிறது, கீழே இன்னொரு தொட்டி வைத்தே ஆக வேண்டும் என்று அவள் எங்கள் வீடுகளுக்கு நேர்கீழே உள்ள கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடலு உனக்கு வாடக குடுக்குதா யுதேல்கா?" என்றார் கடைக்காரர் செலோ.

"குடுக்கல. ஆனா உன் ரேடியோ மாதிரி உயிர வாங்கல."

பிறகு அந்தக் கீழ்த்தொட்டியைச் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எனக்கு வரைந்து காட்டினாள். மூன்று அறைகள். முதலாவதில் மேலிருந்து தண்ணீர் விழும். கடைசியில், தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் பம்பு.

"நடு அறைல பாசி மட்டுந்தான் தம்பி. அழுக்க அது தின்னுக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச்சின்ன உயிரெல்லாம் மீன் வாயில படாம அங்க பெருகும். அடைக்கலம் குடுத்த மாதிரி."

"இடமே பத்தலங்கறீங்க. அப்புறம் எதுக்கு இதுல மேல ஒரு சாண் காலியா விடறீங்க?"

"கரண்ட் போனா பம்பு நின்னுரும்ல? மேல விளிம்புல நிக்கிற தண்ணி எல்லாம் கீழதான வரும். அதுக்கு இடம் வச்சிருக்கணும். இல்லன்னா செலோ கடைக்குள்ள மழ பெய்யும்."

"பெய்யட்டும், தரை கழுவுற வேல மிச்சம்," என்றார் செலோ.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்தார்கள். டேப்பின் ஒரு முனையை யுதேல்கா பிடித்தாள். மறுமுனையைப் பிடித்தவன், பக்கத்து வீட்டு இளைஞன் —

(அது நான்தான். 'இளைஞன்' என்று எழுதினால் தள்ளி நின்றுகொள்ள வசதியாக இருக்கிறது.)

நீளம், அகலம், உயரம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து என் நோட்டில் எழுதினேன். அவள் கண்ணாடி வாங்கி, தானே ஒட்டி, மூன்று நாள் காயவிட்டாள். பெட்டியின் மிகக் குறுகிய பக்கம் முப்பத்தைந்து. அலமாரிக் கதவுகளுக்கு நடுவே ஒரு கட்டை உண்டு. அதற்கு இருபுறமும் திறப்பு முப்பத்தொன்று. உள்ளே எவ்வளவு இடம் என்று அளந்தோம். வாசலை அளக்கவில்லை.

"பரவால்ல. எனக்கும்தான் தோணல. பல்லு செய்யறவ, வாயைப் பாக்காம செஞ்சுட்டேன்," என்றாள்.

இனி ஒரே வழிதான். மேல் தொட்டியைக் காலி செய்து இறக்கி, அலமாரிப் பலகையைக் கழற்றி, பெட்டியை மேலிருந்து உள்ளே விட வேண்டும். மணலோடு அந்தத் தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

4

இதுவரை எழுதியதை வகுப்பில் வாசித்தேன்.

"தண்ணி நல்லாருக்கு. ஆளு எங்க?" என்றார் ஆசிரியர்.

"யுதேல்கா இருக்காங்களே, சார்."

"நான் டேப்போட மறுமுனையக் கேட்டேன்."

5

திருத்தம். கதை பெட்டியில் தொடங்கவில்லை. கதவைத் தட்டும் சத்தத்தில் தொடங்கியது.

ஒரு வியாழன், மாலை நாலரை. கரண்ட் இல்லை. நான் வகுப்புக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 'உங்கள் கட்டடத்தில் ஒருவர்' என்பது தலைப்பு. "அவள் தனிமை எப்படிப்பட்டதென்றால்" என்ற இடத்தில் உவமை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தபோது தட்டினாள்.

"தம்பி, இருக்கியா? தண்ணிய எல்லாம் எறச்சுட்டேன். மீன் வாளில கெடக்கு. தூக்கி வைக்க ரெண்டே நிமிசம்."

திறக்கவில்லை. உவமைக்காக என்று சொல்லலாம். திறந்தால் மேசையில் இருந்த நோட்டை அவள் பார்ப்பாள் என்றும் சொல்லலாம். இரண்டுமே —

மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். அவள் செருப்பு தரையில் உரசுவது கேட்டது.

அப்போது கரண்ட் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கூச்சல் எழும். சிறு வயதிலிருந்து பழகிய வாய். யோசிக்கவே இல்லை, நானும் கத்திவிட்டேன்: "கரண்ட் வந்துருச்சி!"

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசுவது நின்றது.

பிறகு அவள் குரல், கோபமே இல்லாமல்: "ஆமா தம்பி. வந்துருச்சி."

செருப்புச் சத்தம் போய்விட்டது.

6

முடிவு அ: இளைஞன் கதவைத் திறந்தான். ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்கினார்கள். பெட்டி உள்ளே இறங்கியது. பாசி வளர்ந்தது. (இதை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவன் என்னைவிட உயரமாகிக்கொண்டே போனான்.)

முடிவு ஆ: மீன் வாளியிலேயே செத்தது. (எழுதத் துணிவில்லை. உண்மையா என்றும் தெரியாது.)

தெரிந்தது இவ்வளவுதான். இன்றோடு பதினொரு நாள். கண்ணாடிப் பெட்டி எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே நடையில் கிடக்கிறது. அதற்குள் தன் குடையைப் போட்டு வைத்திருக்கிறாள். படியில் பார்த்தால் "நல்லாருக்கியா?" என்கிறாள், தம்பி என்று சொல்வதில்லை. சுவர் வழியாக, மேல் தொட்டியில் இருக்கும் சின்னப் பம்பின் முனகல் கேட்கிறது. ஆக, தண்ணீரைத் திரும்ப ஊற்றியிருக்கிறாள். உள்ளே நீந்த யாராவது இருக்கிறார்களா என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது.

இதை எழுதும்போதே கரண்ட் போய்விட்டது. முனகலும் நின்றுவிட்டது. இரண்டு வீடும் ஒரே மாதிரி அமைதியாக இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் தெரு கத்தும். அதற்கு முன்னால் எழுந்தால், என் மேசையிலிருந்து அவள் கதவுக்கு ஒன்பது அடி. அளந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சாண் எழுதாமல் விடுகிறேன். நீங்கள் நிரப்பலாம். விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள், மேலிருந்து இன்னும் வர வேண்டியிருக்கிறது.

பேனாவை மூடி