சேர்மானத்தில் செண்பகவடிவு

மாவடியூரில் எல்லோருக்கும் பிடரியில் ஒரு லேபிள் உண்டு. முகப்பரு வருகிற வயதில் அதுவும் வந்துவிடும். ஆளுக்குள் என்னென்ன சேர்மானம் என்பதை எடைப்படி அது சொல்லும். அதிகம் இருப்பது முதலில், துளியூண்டு இருப்பது கடைசியில். தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது என்பதால் ஊரில் பொதுவாக நிம்மதி நிலவியது.

கல்யாணமானவர்கள் பாடுதான் திண்டாட்டம். சனிக்கிழமையானால் புருஷன் தலையில் எண்ணெய் வைத்து, பிடரி வரை அரக்கித் தேய்த்துவிடுவது அந்த ஊர் வழக்கம். செண்பகவடிவும் கல்யாணமான நாளிலிருந்து தேய்த்தவள்தான். எழுத்து பொடிசாக இருந்ததால் படிக்க மெனக்கெட்டதில்லை. புதுக் கண்ணாடி போட்ட வாரம்தான் படித்தாள்.

தண்ணீர். கோமதி அக்கா. வரப்புத் தகராறு. மாவுச்சத்து. ரேடியோ. உப்பு. அனுமதிக்கப்பட்ட நிறமி. செண்பகவடிவு.

தண்ணீரைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. யாருக்குமே தண்ணீர்தான் முதலில். நாத்தனார் கோமதி இரண்டாவதாக நிற்பதைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பாள். நிறமிக்கும் பின்னால் தன்னை நிறுத்தியிருந்ததுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"என்னளா, கை நின்னுட்டு?" என்றார் அவள் புருஷன் குற்றாலலிங்கம்.

"உங்களுக்கு நான் உப்பைவிடக் கொறச்சலா?"

"டாக்டர் சொன்னதுலேருந்து உப்பைக் கொறச்சுட்டேனே," என்றார் அவர், பாவம்.

திங்கட்கிழமை செண்பகவடிவு அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு லேபிள் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி பிரிசில்லா அவர் பிடரியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, அச்சில் பிழை இல்லை என்றார்.

"நாங்க எடையைத்தாம்மா போடுதோம், பாசத்தை இல்ல. சாம்பார்ப்பொடி பாக்கெட்டைப் பாருங்க. பெருங்காயம் கடைசியிலதான் இருக்கும். அது இல்லாம மணக்குமா?"

"அப்போ நான் பெருங்காயமா?"

பிரிசில்லா தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு, ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும், எல்லாம் சேர்த்து நூறுக்கு மேல் போகாது என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினார்.

குற்றாலலிங்கம் நல்ல மனுஷர். வீட்டில் சோறு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. முதலில் ரேடியோவைப் பரணில் ஏற்றினார். வரப்பைப் பக்கத்து வயல்காரனுக்கே விட்டுக்கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வாராவாரம் போவதை நிறுத்தினார். காலியான இடத்திலெல்லாம் செண்பகவடிவை நிரப்பினார். அவளுக்குப் பிடிக்காத கத்தரிக்காய் அவருக்கும் பிடிக்காமல் போயிற்று. அவள் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பெயர் ஒரு படி ஏறியது. நிறமியைத் தாண்டியது, உப்பைத் தாண்டியது. நாத்தனாரைத் தாண்டிய அன்று அவள் கேசரி கிண்டினாள். தண்ணீரையே தாண்டிய அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாயசத்தைக் குடித்துவிட்டுத் தங்கள் புருஷன்மார் பிடரியை ஒரு தினுசாகப் பார்த்தார்கள்.

மறுவாரம் பிரிசில்லாவே வீடு தேடி வந்தார். ஒரு பொருளில் எது பாதிக்கு மேல் இருக்கிறதோ அதன் பெயரில்தான் அந்தப் பொருள் வழங்கப்பட வேண்டும் என்பது சட்டம். குற்றாலலிங்கத்தின் பிடரியிலிருந்த பழைய லேபிளை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்.

"செண்பகவடிவு. குற்றாலலிங்கம் சுவையூட்டப்பட்டது."

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு செண்பகவடிவு. ரேஷன் கார்டில் ஒருத்தி பெயருக்குக் கீழே இன்னொருத்தி. ஒரே நேரத்தில் இருவருக்கும் தலைவலித்தது. ஒரே சீரியலுக்கு இருவரும் அழுதார்கள்.

அவள் சண்டைக்கு ஏங்கிப் போனாள். ஒருநாள் மதியம் வேண்டுமென்றே அவியலில் உப்பை அள்ளிப் போட்டுப் பரிமாறினாள்.

"எப்படி இருக்கு?"

"நான் வச்சா எப்பவும் சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

இருபது வருஷம் கூட இருந்த மனுஷர் எதிரே உட்கார்ந்திருந்தும் வீட்டில் தான் மட்டும் இருப்பதுபோல் இருந்தது. அழுகை வந்தது. அவரும் அழுதார், அதே ராகத்தில். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பிடரிக்குப் போனாள். சுவையூட்டப்பட்டது என்ற வரிக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. கூடத்து வெளிச்சத்துக்கு அவரைத் திருப்பி வைத்துப் படித்தாள்.

"அசல் அடியில் படிந்திருக்கலாம். பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்."

செண்பகவடிவு அவரை எழுப்பி நிறுத்தினாள். இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்க மறுபடி குலுக்கினாள்.

வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏளா, அவியலை மனுசன் திம்பானா? ஒரே உப்பு."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் பலமாகக் குலுக்கினாள்.