தோற்றவர் மாவாட்டணும்

தோற்றவர் மாவாட்ட வேண்டும். நீலாயதாட்சிக்கும் அவள் புருஷன் அழகுசுந்தரத்துக்கும் இடையே இருந்த ஒரே சட்டம் அதுதான். மற்ற சட்டமெல்லாம் அந்த வீட்டில் மாமியார் சாலா ஆச்சி போட்டவை. புருஷனும் பெண்டாட்டியும் பகலில் ஒன்றாக உட்காரக் கூடாது. வளவில், அந்த நடு முற்றத்தில், நின்று பேசிக்கொள்ளக் கூடாது. சிரிப்புச் சத்தம் கதவைத் தாண்டக் கூடாது. தெருவுக்குத் தெரு நீளும் அத்தனை பெரிய வீட்டைக் கட்டிவிட்டு, அதில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரிக்க ஒரு முழ இடம் விடவில்லையே, என்ன சொல்ல!

காரைக்குடிச் செட்டியார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிச் சில மாதத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. சண்டை கிண்டை ஒன்றுமில்லை. நல்ல நாள் பார்த்து, புதுப் பானையில் பால் காய்ச்சி, அரிசி பருப்பெல்லாம் கொடுத்து, அதே வீட்டில் தனியாக ஓர் அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். கூரை ஒன்றுதான், அடுப்பு மட்டும் வேறு. அதற்குப் பிறகு அந்தச் சட்டியில் என்ன வேகிறது என்று மாமியார் மோப்பம் பிடித்துக்கொள்ளலாம். மூடியைத் திறந்து பார்க்க முடியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் நீலாவையும் அழகுசுந்தரத்தையும் வேறு வைத்தார்கள். வளவுக்குப் பின்னால் இருந்த இரண்டாங்கட்டில் கிழக்கு மூலை அவர்களுக்கு. சாலா ஆச்சி நீலாவுக்கு மாமியார் மட்டுமல்ல, அப்பச்சியின், அதாவது அப்பாவின், கூடப்பிறந்த சொந்த அயித்தை. அந்தச் செல்லத்தில், “பச்சப்புள்ள, ஒரு மாசத்துல சட்டியைத் தூக்கிக்கிட்டு என்கிட்டயே வந்துருவா பாரு” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வருவாளாம்! நீலா முதல் வாரம் சோற்றைக் குழைத்தாள், இரண்டாம் வாரம் குழம்பைத் தீய்த்தாள், சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவில்லை. அழகுசுந்தரமும் தீய்ந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “கரி வாசம் வயித்துக்கு நல்லதாம்” என்று பேங்குக்குச் சைக்கிள் மிதித்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

தாயம் ஆரம்பித்தது மாசியில். நீலாவின் சீரில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அடுப்படித் தரையில் சாக்கட்டியால் கட்டம் போடுவார்கள். அவளுக்குப் புளியங்கொட்டை, அவனுக்கு உடைந்த வளையல் துண்டு. தோற்றவர் மறுநாள் இட்டிலிக்கு மாவாட்ட வேண்டும்.

“ஏங்க, கால் விரலை எடுங்க.”

“என் கால், என் தரை. உனக்கென்ன வந்துச்சு?”

“கால் விரலால காயை ரெண்டு கட்டம் தள்ளிட்டீக. கள்ளாட்டம்!”

“பேங்குக்காரன் மேலயே திருட்டுப் பட்டமா? போடு, போடு.”

அவள் போட்டாள். தாயம் விழுந்தது. அவன் காய் வெட்டுப்பட்டது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை பேங்கு அரை நாள். சாப்பிட்டுவிட்டு வீடே அசந்து தூங்கும் நேரத்தில் அழகுசுந்தரம் இரண்டாங்கட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்டுக்கல் முன்னால் உட்காருவான். முதல் தடவை உளுந்து அவன் மூக்குவரை தெறித்தது. நாலாவது தடவைக்குள் கை பழகிவிட்டது. ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ள, தண்ணீர் தெளிக்கும் பக்குவம்கூட வந்துவிட்டது. அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பேங்கு மேனேஜர் நடப்பதைப் பற்றி அவன் சொல்லும் கதையைக் கேட்பாள். வாரத்திலேயே அவளுக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இதில் ஒரு விஷயம் தெரிந்தது. அவன் ஆட்டிய மாவு பானையை மீறிப் பொங்கியது. அவள் ஆட்டியது அடியிலேயே கிடந்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கல். கைவாகு என்பது ஆணுக்கும் வாய்க்கும் என்று யாராவது அவளிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு இட்டிலி அயித்தை அடுப்புக்கும் போகும். அவள் பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: “நீலா, உன் கை என்ன கையோ தெரியல. ஒரு வாரம் பஞ்சு, ஒரு வாரம் கல்லு. ஆனா பஞ்சா இருக்கிற வாரம் இந்த வட்டாரத்துல இப்படி இட்டிலி கிடையாதுடி!” அழகுசுந்தரம் தலை குனிந்தபடி மென்றுகொண்டிருப்பான். அவன் காது மட்டும் சிவக்கும்.

முதலில் நீலாவுக்கு இதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. “யாரு உள்ள? தாழைப் போட்டுக்கிட்டு என்ன பண்றீக?” என்று அயித்தையின் குரல். அழகுசுந்தரம் துள்ளி எழுந்தான். கையை வேட்டியில் துடைத்தான். நீலாவின் தோளைப் பிடித்து அழுத்திக் கல் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தாழை நீக்கி, தினத்தாளை விரித்துக்கொண்டு தூணோரம் போய் நின்றான். கதவு திறந்தபோது குழவி மேல் அவள் கை இருந்தது, ஒரு பொட்டு மாவில்லாமல். அயித்தை அதைக் கவனிக்கவில்லை. நீலா கவனித்தாள். தோளில் அவன் அழுத்திய இடம் சாயங்காலம் வரை உறுத்தியது. வலியில்லை, கோபம்.

தன்னோடு விளையாடுவதை ஒளித்து வைக்கிற மனுஷன், நாளைக்குத் தன்னையே ஒளித்து வைக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? கதவுக்குள் ராஜா, கதவைத் திறந்தால் தூணோரத்துத் தினத்தாள். இப்படியே முப்பது வருஷம் போனால், இந்த வீட்டுப் பெண்கள் எல்லாரையும் போல நானும் வாயில் சேலையை அடைத்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்று நினைத்தாள். நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

பங்குனியில் அழகுசுந்தரத்தின் தங்கை நாச்சியம்மைக்கு ஓர் இடம் கூடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள், பலகாரம் இங்கேதான். அயித்தை நேராக நீலாவின் அடுப்படிக்கு வந்தாள்.

“இட்டிலி உன் கை மாவுதான் ஆத்தா. பஞ்சா வரணும். மாப்பிள்ளையோட தாயாரு நாக்கு நீளமாம், சாப்பாட்டுல ஒரு சொல்லு வந்துறக் கூடாது. நாச்சியம்மை வாழ்க்கை.”

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் நீலா கட்டம் போட்டாள், அழகுசுந்தரம் கட்டையைத் தொடவில்லை. பாவம், அவனுக்கும் விஷயம் புரிந்திருந்தது.

“இன்னைக்கு ஆட்டமே வேணாம் நீலா. நாளைக்கு நானே ஆட்டிடுறேன். எல்லாரும் தூங்குறப்ப தாழைப் போட்டுட்டு...”

“நாளைக்கு யாரும் தூங்க மாட்டாக. காய் நறுக்க, தேங்காய் துருவ, வீட்டுப் பொம்பளைக அத்தனை பேரும் இங்குட்டுத்தான் உக்காந்திருப்பாக.”

“அப்ப விடியக்காலம்.”

“தாழைப் போட்டா மாவுல கை வைக்க விடமாட்டேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “விளையாடுறியா?”

“விளையாடத்தான் சொல்றேன். போடுங்க கட்டையை. நான் தோத்தா நான் ஆட்டுறேன், கல்லா வந்தா வரட்டும், ஏச்சு நான் வாங்கிக்கிறேன். நீங்க தோத்தா நீங்க ஆட்டணும். கதவு திறந்து கிடக்கும்.”

“ஊரு சிரிக்கும் நீலா.”

“சிரிக்கட்டுமே. இந்த வீட்டுல யாராவது சிரிச்சு எனக்கும் பார்க்கணும்.”

ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. அவன் கால் விரல் அசையவில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு தாயம் மட்டும் பாக்கி. கட்டையை இரண்டு கையிலும் தேய்த்து உருட்டினாள். தாயம் விழுந்தது. அவன் வளையல் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

மறுநாள் மத்தியானம் இரண்டாங்கட்டு நிறைந்திருந்தது. அயித்தை, நாச்சியம்மை, பங்காளி வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர். ஊறிய உளுந்து பாத்திரம் நிறையத் தயாராகக் கிடந்தது. நீலா ஆட்டுக்கல்லைக் கழுவிவிட்டு, பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னடி கல்லைப் பாத்துக்கிட்டு இருக்கே? நேரமாகுது, ஆட்டு.”

“ஆட்டுறவக இன்னும் வரல அயித்தை.”

“யாரு ஆட்டுறவ?”

“ஆட்டுறவ இல்ல, ஆட்டுறவக. உங்க மகன். தாயத்துல தோத்துட்டாக. நீங்க பஞ்சுன்னு சொன்ன மாவெல்லாம் அவுக ஆட்டினது. கல்லு மட்டும்தான் என்னோடது.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அயித்தையின் முகம் வெளுத்துச் சிவந்தது. வளவில் அழகுசுந்தரம் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். கையில் தினத்தாள் இருந்தது. நீலா அந்தத் தினத்தாளையே பார்த்தாள். அவன் திரும்பி முகப்புக்கு நடந்துவிட்டால் அவ்வளவுதான், கட்டை இரண்டையும் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது அவளுக்கு அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் தினத்தாளை மடித்து மாடத்தில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். பெண்கள் நடுவே நடந்து வந்து கல் முன்னால் உட்கார்ந்தான்.

“தண்ணிச் செம்பு எங்க?” என்றான்.

அயித்தைக்கு அப்போதுதான் குரல் வந்தது. “எந்திரிடா! செட்டியார் வீட்டு ஆம்பளை பொம்பளைக நடுவுல உக்காந்து மாவாட்டுறதா? ஏ நாச்சியம்மை, கதவைச் சாத்துடி!”

நாச்சியம்மை எழுந்தாள். நீலா அவளுக்கு முன்னால் போய்க் கதவில் சாய்ந்து நின்றாள். “சாத்த வேணாம் அயித்தை.”

“அடுப்பை வேற வச்சதுக்கு இந்த ஆட்டமாடி? அடுப்பைத்தான் வேற வச்சேன், என் மகனை வேற வைக்கல!”

“நான் எங்கயும் போகல ஆத்தா,” என்றான் அழகுசுந்தரம், குழவியைச் சுற்றிக்கொண்டே. “இங்கதான இருக்கேன். தோத்தேன், ஆட்டுறேன். இதுல என்ன கேவலம்?”

உளுந்து பொங்கத் தொடங்கியது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அயித்தை எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வளவில் ஆண்கள் வரிசை, எதிர்ப்பக்கம் பெண்கள் வரிசை. மாப்பிள்ளையின் தாயார் பொன்னழகு ஆச்சி முதல் இட்டிலியைப் பிட்டாள், சட்னி தொடாமல் வாயில் போட்டாள், இரண்டாவதையும் அப்படியே சாப்பிட்டாள்.

“யாரு கை மாவு இது?”

அயித்தை நீலாவைப் பார்க்காமலே பதில் சொன்னாள். “எங்க மருமக கைதான்.”

நீலா கையில் சட்னிச் சட்டியோடு நின்றாள். இப்போது அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுப் பெண்கள் முன்னால் அவனை இழுத்து உட்கார வைத்தது அவள். ஊரார் முன்னால் அவளே அதைச் செய்தால் அதற்குப் பெயர் அவமானம். நாச்சியம்மை தட்டுப் பக்கம் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழகுசுந்தரம் ஒரு நிமிஷம் தங்கையைப் பார்த்தான். நாச்சியம்மை யாருக்கும் தெரியாமல் தலையை அசைத்தாள், சொல் என்பதுபோல.

“ஆச்சி,” என்று ஆண்கள் வரிசையிலிருந்து அவன் கையைத் தூக்கிக் காட்டினான். “இந்தக் கை. தாயத்துல என் பொண்டாட்டிகிட்ட தோத்துட்டேன்.”

அயித்தை கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னழகு ஆச்சி அவன் கையைப் பார்த்தாள், நீலாவைப் பார்த்தாள், பிறகு ஆண்கள் வரிசையில் இருந்த தன் மகனைப் பார்த்தாள். அவன் அவசரமாகத் தண்ணீர் குடித்தான்.

“இன்னும் ரெண்டு வையி,” என்றாள் பொன்னழகு ஆச்சி.

பதினோரு மணிக்கு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வந்தவர்கள் போனதும் அயித்தை நீலாவின் அடுப்படிக்கு வந்தாள். நீலா ஏச்சுக்குத் தயாராக நிமிர்ந்து நின்றாள். அயித்தை காலிப் பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“அடுத்த வாரமும் அவனே தோக்கட்டும். என் அடுப்பு அரிசியையும் சேத்து ஊறப்போடு.”

“அதெப்படி அயித்தை? தோக்கச் சொல்லித் தோத்தா அது ஆட்டமா? நான் தோத்தா கல்லுதான் தின்னணும், நீங்களும்தான்.”

“திமிரு புடிச்சவளே,” என்று சொல்லிவிட்டு அயித்தை போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் கட்டம் போட்டார்கள். கதவு திறந்து கிடந்தது. ஆட்டம் நீலாவுக்குச் சரியாக வரவில்லை, அவள் காய் இரண்டு வெட்டுப்பட்டது, அழகுசுந்தரம் தொடையைத் தட்டிச் சிரித்தான். அப்போது வாசற்படிக்கு வெளியே, இருட்டிலிருந்து, ஒரு குரல் பொறுக்கமாட்டாமல் வந்தது.

“அங்குட்டு என்னத்தடி பாக்குறே? மூணாங்கட்டத்துல நிக்கிறான் பாரு! வெட்டுடி அவன் காயை!”