மனுவில் எழுதிய தீச்சட்டி

ரேகை வைத்தால் லெட்சுமி போவாள். வைக்காவிட்டால் நான் போக வேண்டும்.

இராஜம்மா இப்படி எண்ணிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தம்பி கன்னையாவின் வீடு. புருஷன் செத்த பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தம்பி சோற்றைத்தான் தின்கிறாள்.

எதிரே மனு எழுதும் இராமலிங்கம் மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். கன்னையாவின் பெண்சாதி லெட்சுமியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகும் மனு. கூட இருந்து கண்ணால் பார்த்த உறவுக்காரர் ஒருவரின் சாட்சி வேண்டுமாம்.

"படிச்சுக் காட்டுங்க, ஐயா."

"தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆடுறா. வேற ஆள் குரல்ல பேசுறா. புருஷனை வாடா போடாங்கிறா. வெறுங்கையில நெருப்பத் தூக்குறா." இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல ஒண்ணாச்சும் பொய்யாம்மா?"

ஒன்றும் பொய்யில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் லெட்சுமி தீச்சட்டி எடுப்பதும் அருள் வந்து ஆடுவதும் ஆறு வருஷமாக நடப்பதுதான். போன வருஷம் கன்னையா அவள் காலில் விழுந்து, "தாயே, எனக்கு எப்போ ஆபீஸ்ல கிராணி வேலை கெடைக்கும்?" என்று கேட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டான். அப்போது அவள் அம்மன். இந்த வருஷம் அவன் கேட்காமலே சொன்னாள்: "கிள்ளான்ல ஒருத்திய வச்சிருக்கியேடா, அவ வயித்துல இருக்கிறது யாருதுடா?" கூட்டமே கேட்டது. மறுநாளிலிருந்து அவள் பைத்தியம். பின்னறையில் பூட்டிக் கிடக்கிறாள்.

அம்மனுக்கு அந்தச் சேதியைச் சொன்னது யார்? இராஜம்மாவுக்குத் தெரியும். குழாயடியில், லெட்சுமி தலை நிறையப் பூ வைத்துச் சிரித்த ஒரு காலையில், அந்தச் சிரிப்பு பொறுக்காமல் இராஜம்மாதான் அவள் காதில் போட்டாள்.

"அண்ணி, மழை வருது. துணிய எடுத்துட்டீங்களா?" உள்ளிருந்து லெட்சுமியின் குரல்.

"அவள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா, ஐயா?"

"வெள்ளைக்காரத் துவான் கேப்பாரு. பெரிய துரை, டாக்டரு. இங்கிலீஷ்ல கேப்பாரு."

"அவளுக்குத் தெரியாதே."

"கன்னையா பக்கத்துல இருப்பாரு. அவ சொல்றத எடுத்துச் சொல்லுவாரு."

இராஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வாசற்படியில் நின்றிருந்த கன்னையா பொறுமை இழந்தான். "என்னக்கா யோசன? இங்க இல்லாட்டி எங்க போவ? ரவாங் ரப்பர் தோட்டத்துக்கா? பால்மரம் வெட்டத் தெரியுமா உனக்கு? புரை விழுந்த அந்தக் கண்ணுக்கு மரமே தெரியாது!"

இராமலிங்கம் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கப் போனார். அவள் கையை மெல்ல உருவி மடியில் வைத்துக்கொண்டாள். ரவாங்கில் அவளுக்கு யாருமில்லை.

"வேணாம், ஐயா. பெட்டிய மூடி வச்சிருங்க."