ஆற்றைக் கடந்த பதாத்யோங்

நாங்கள் நான்கு பெண்கள் டவுனில் நடக்கும் திருவிழா உடைப் போட்டிக்குப் புறப்பட்ட காலையில், எங்கள் மலைக் கிராமத்தின் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

"போனா போகுது, இறங்கி நடப்போம்" என்றாள் தெயோபிஸ்தா. எங்களில் மூத்தவள், எல்லாருக்கும் மனாங், அதாவது அக்கா. போன வருஷம், போட்டியை நடத்தும் டவுன் சீமாட்டி டோன்யா ரெமெடியோஸ் எங்கள் கட்டம் போட்ட பதாத்யோங் பாவாடையைப் பார்த்து, "மேசைவிரிப்பைச் சுத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டதை அவள் மறக்கவே இல்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு மெர்செடிதாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவளால் நிற்கக்கூட முடியவில்லை. மருத்துவ நிலையமோ ஆற்றுக்கு அப்பால், டவுனில்.

தெயோபிஸ்தா தான் கட்டியிருந்த பதாத்யோங்கின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"மனாங், நடுத்தெருவுல என்ன பண்றீங்க?" என்று பதறினேன்.

"உள்ளதான் காற்சட்டை இருக்கே! நீயும் அவுரு. யாராச்சும் ரெண்டு மூங்கில் வெட்டுங்க."

பதாத்யோங் சுற்றி மூட்டிய துணிதானே. நான்கையும் இரண்டு மூங்கில்களில் கோத்ததும் தூளியாகிவிட்டது. மெர்செடிதாவைக் கிடத்தித் தோளில் ஏற்றினோம். ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இழுத்தது.

"அறுந்துடுமா, மனாங்?" என்று அழுதாள் அவள்.

"நானே தறியில நெய்தது. உன்னையும் புள்ளையையும் சேர்த்துத் தாங்கும். நீ நல்லாக் கத்து, வெக்கப்படாத."

டவுனில் ஊர்வலம் தெருவை அடைத்து நின்றது. பட்டாம்பூச்சிச் சிறகு போல் விறைத்த கைவைத்த கவுன்கள், பித்தளை வாத்தியங்கள். முன்னால் டோன்யா ரெமெடியோஸ்.

"இதென்ன கோலம்? எங்க உங்க பாவாடை?"

"அது வேலையா இருக்கு, டோன்யா. வழி விடுங்க!"

அவள் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி, "வாசிப்பை நிறுத்துங்கடா! ஒதுங்குங்க எல்லாரும்!" என்று போட்ட சத்தத்தில் தெருவே இரண்டாகப் பிரிந்தது. என் தோள் சரிவதைக் கண்டு தானே மூங்கிலுக்கு அடியில் புகுந்தாள். அவளுடைய அழகான கைச்சிறகு நசுங்கிப்போனது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. அதன் குரல் வாசல்வரை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருத்துவ நிலையத்துக் குழாயடியில் பதாத்யோங்குகளை அலசி, பிழிந்து, ஈரத்தோடே கட்டிக்கொண்டோம். போட்டி முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டது.

"பின்பக்கமா வீட்டுக்குப் போயிடலாமா?" என்றேன்.

"ஏன், திருடிக்கிட்டா போறோம்? சதுக்கம் வழியாவே போவோம்."

சதுக்கத்தில் எங்களைக் கண்டதும் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எனக்குக் கூச்சம். கால்கள் தானாக வேகமெடுத்தன.

தெயோபிஸ்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி ஓட்டம்? மெதுவா நட. நல்லாப் பாக்கட்டும்."