சைக்கிளுக்கு மண்ணூட்டிய நாள்

சரல்பட்டியில் புதுச் சைக்கிள் கட்டி முடித்தால் அதற்கு மண்ணூட்ட வேண்டும். பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரிதான். எந்தெந்த மண்ணில் ஓடப்போகிறதோ அதிலெல்லாம் ஒரு சிட்டிகை எடுத்துவந்து, காற்றடிக்கும் முன்பு, டயரின் வாயை விலக்கி உள்ளே வைப்பார்கள். தின்ற மண் சைக்கிளுக்குச் சொந்தமாகிவிடும். தின்னாத மண்ணைச் சைக்கிள் மிதிக்காது. பத்திரிகை வைக்காத கல்யாண வீட்டைப் பார்த்த மாதிரி ஓரமாக நின்றுவிடும். காற்றடித்ததும் வாய் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் கெஞ்சி ஊட்டினாலும் வாங்காது.

சந்தனக்கனியின் சைக்கிளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மண்ணூட்டு நடந்தது.

அந்தச் சைக்கிளை அவளே கட்டினாள். மகளைச் சுமந்தது பத்து மாதம், சைக்கிளைக் கட்டியது பதினோரு மாதம். பிள்ளை தூங்குகிற நேரம்தான் வேலை நேரம். ஒரு தூக்கத்துக்கு ஒரு குழாய் அறுப்பாள். அடுத்த தூக்கத்துக்கு அதன் வாயை அரத்தால் ராவி, இன்னொரு குழாயோடு இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அதற்கடுத்த தூக்கத்துக்குப் பித்தளை வைத்து ஒட்டுவாள். கடைச் சைக்கிள் எல்லாம் யாரோ ஒரு நெட்டை ஆளை நினைத்துச் செய்தது. இவள் ஜாக்கெட் தைக்கிற இஞ்சி டேப்பால் தன் காலையும் கையையும் தோளையும் தானே அளந்து, அந்த அளவுக்குச் செய்தாள். எல்லா மண்ணிலும் போக வேண்டும் என்று தடித்த டயர் போட்டாள். சேறு ஒட்டினாலும் சக்கரம் சுற்றட்டும் என்று பின் ஃபோர்க்கை அகட்டி வைத்தாள். ஹேண்டில்பாரைச் செம்மறிக்கிடாக் கொம்பு மாதிரி கீழே சுருட்டிவிட்டாள்.

"ஏட்டி கனி, சைக்கிள் கட்டுதியா, கிடா வளக்கியா?" என்றாள் எதிர்வீட்டு ராஜகனி. வீட்டுக்காரர் நயினாருக்கு அக்கா, இவளுக்கு மைனி. "கொம்பெல்லாம் இப்படிச் சுருண்டு நிக்கி. முட்டிறாம."

சந்தனக்கனி ஏதோ சொன்னாள்.

"என்னது? உன் பேச்சக் கேக்கணும்னா நான் உன் பல்லுக்குள்ள வந்துதான் உக்காரணும் போல."

சந்தனக்கனியின் குரல் அவ்வளவுதான். ரேஷன் கடையில் தன் முறை வந்தால் பின்னால் நிற்பவரை முன்னால் அனுப்பிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்படிப்பட்டவள் இந்தச் சைக்கிளுக்காக ஊரெல்லாம் போய் மண் கேட்டிருந்தாள். சும்மா அள்ளிக்கொண்டு வந்தால் சொந்தம் ஆகாது, உடையவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கரிசல் காட்டுக்காரர் வரப்பில் ஒரு மணி நேரம் நின்றாள். அவராகத்தான் "என்னம்மா, மண்ணா?" என்று கேட்டு அள்ளிக் கொடுத்தார். அப்படியே வாய் திறக்காமல் நின்று தேரியில் செம்மணல் வாங்கினாள். உப்பளக் கரையில் வெள்ளை பூத்த மண் வாங்கினாள். ரோடு போடுகிறவர்களிடம் தார் ஒட்டிய ஜல்லிப்பொடி வாங்கினாள். தெருவில் கிடந்த பொடிக்கல் சரலையும் எடுத்துக்கொண்டாள். ஐந்து மண்ணையும் ஐந்து வெற்றிலையில் வைத்து ஊட்டிவிட்டு, பம்பை எடுத்துக் காற்றடித்தாள்.

மண்ணூட்டு முடிந்தால் ஓட்டம். ஐந்து மண்ணையும் சுற்றிக்கொண்டு சைக்கிள் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் பஞ்சாயத்து சீட்டில் முத்திரை குத்தும். அதுதான் சைக்கிள் கட்டியவருக்கு உரிமம். வாசலில் பலகை மாட்டி ஊருக்குச் சைக்கிள் கட்டித் தரலாம். திரும்பாவிட்டால் அன்றைக்கே அதை அறுத்து ஜன்னலாக்கிவிடுவார்கள். சரல்பட்டியில் ஜன்னல் கம்பி யாரும் தனியாக வாங்குவதில்லை. அறுத்து ஒட்டுகிற வேலை நயினாருடையது. அவர்கள் சமையலறை ஜன்னல் ராஜகனி கன்னிப்பெண்ணாக இருந்தபோது கட்டிய சைக்கிள். உப்பு ஊட்ட மறந்து உப்பளத்தில் நின்றுவிட்டது. ஹேண்டில்பாரும் மணியும் அப்படியே ஜன்னலில் இருக்கின்றன. காற்று வீசினால் மணி அடிக்கும். பால்காரர் என்று நினைத்து சந்தனக்கனி தூக்குவாளியோடு ஓடுவாள்.

குளியலறைக்கு ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. முந்தின நாள் நயினார் அதற்கு அளவெடுப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அளவுதான் எடுத்தேன் கனி," என்றார் நயினார். "ஆசப்படல."

ஓட்டத்துக்கு நேரம் கடிகாரத்தில் கிடையாது. அந்த வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை தூங்கி எழுவதற்குள் வந்துவிட வேண்டும். பஞ்சாயத்துக் கிளார்க் தவசிமுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரெஜிஸ்டர், ஒரு ஆக்சா பிளேடு இவற்றோடு வந்து தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ள எப்ப தூங்கிச்சு?"

"இப்பத்தான் சார்," என்றார் நயினார்.

தவசிமுத்து நேரம் என்ற கட்டத்தில் 'இப்பத்தான்' என்று எழுதிக்கொண்டார்.

"வழியில எங்கயும் கால ஊனிறாத தாயி. கால் ஊனுன எடத்தத்தான் வீடுன்னு எழுதணும். போன வருசம் ஒருத்தன் தேரிக்குள்ள கால ஊனிட்டான். இன்னைக்கும் அங்கதான் அவனுக்குத் தபால் போவுது."

தெருவில் நிறுத்தியிருந்த சைக்கிளில் சந்தனக்கனி ஏறினாள். தொட்டிலாட்ட ராஜகனி உட்கார்ந்தாள்.

"போட்டி, போ. நான் ஆட்டுதேன். என் கை கழண்டு விழுந்தாத்தான் உம் மக முழிப்பா."

சைக்கிள் தெருச் சரலில் இறங்கியதும் சரல் 'கறுக்முறுக்' என்று பேச ஆரம்பித்தது. மற்ற வண்டிகளை வழுக்கிவிடுகிற சரல் இது. இன்றைக்குச் சொந்தக்காரப் பிள்ளையைக் கண்ட மாதிரி விலகி வழி விட்டது. ஊர்க்கோடியைத் தாண்டினதும் கரிசல். முந்தின வாரம் பெய்த மழையில் இன்னும் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒரு டிராக்டர் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது, அதன் மேல் டிரைவர் சோறு தின்றுகொண்டிருந்தார். சந்தனக்கனி அவரைத் தாண்டிப் போனாள். கரிசல் டயரைப் பிடித்துப் பார்த்தது, மணத்தை மோந்தது, நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று விட்டுவிட்டது.

"உப்பு வேணுமாம்மா?" என்று சோற்றுக்கு வைத்திருந்த உப்பை நீட்டினார் டிரைவர்.

"வழியில இருக்குண்ணே," என்றாள் சந்தனக்கனி. பதினோரு மாதத்தில் அவள் ஒரு அந்நிய ஆளிடம் பேசிய பேச்சு இதுதான். பேசிய பிறகுதான் பேசிவிட்டது தெரிந்தது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

தேரியில் செம்மணல் மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கிடந்தது. நடந்தாலே முழங்கால் வரை வாங்குகிற மணல், பாயை விரித்த மாதிரி படுத்துக்கொடுத்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் ஹேண்டில்பாரின் அடிச்சுருளில் கையை வைத்துக் குனிந்தாள். சேலை முந்தானை இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது. காற்று காதுக்குள் புகுந்து வெளியே போனது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது, கை பிடிக்கவில்லை. "ஏய்!" என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட சத்தம்தான்.

உப்பளக் கரையில் வழி ஒரு முழம்தான் அகலம், இரண்டு பக்கமும் பாத்தி. பாத்திக்குள் வானம் கிடந்தது. தன் சைக்கிள் தலைகீழாகத் தன்னோடு கூடவே வருவதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். தனக்கு அளந்து செய்த வண்டியில் உட்கார்ந்தால் உட்கார்ந்திருப்பதே தெரியாது. மிதிப்பது மட்டும் தெரியும். தார் ரோடு வந்தபோது டயர் தேனீ மாதிரி இரைந்தது. ஒரு மினிபஸ் அவளை முந்தப் பார்த்தது, முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் நின்றுகொண்டது.

ஊருக்குள் திரும்பும்போது மார்பு கனத்தது. பால் கட்டினால் பிள்ளை எழப் போகிறது என்று கணக்கு. இன்னும் வேகமாக மிதித்தாள். தெருச் சரல் வந்தது. வீடு தெரிந்தது. திறந்த கதவு வழியாகத் தொட்டிலும் மைனியின் கையும் தெரிந்தன. சைக்கிள் தெருவிலிருந்து வாசலுக்குத் திரும்பி, வாசல் விளிம்பில் நின்றது.

அவள் மிதித்தாள். அது நகரவில்லை.

சைக்கிள் வாசல் மண்ணைத் தின்னவில்லை. கரிசலைக் கேட்டாள், தேரியைக் கேட்டாள், உப்பைக் கேட்டாள். தினமும் விடிந்ததும் தானே கூட்டித் தண்ணீர் தெளிக்கிற வாசலை அவள் கேட்கவில்லை. அதுவும் மண் என்று தோன்றவே இல்லை. நிலைப்படிக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு எட்டு வைக்கிற தூரம்.

காலை ஊன்றினால் தெருதான் வீடு. ஊன்றாமல் சைக்கிளிலேயே நின்றாள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, பெடலை முன்னும் பின்னும் நூல் அளவு அழுத்திக்கொண்டு நின்றாள். இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி, ஒற்றைக்கால் மறுகால் மேல் என்று தினமும் அடுப்பங்கரையில் நிற்கிறவளுக்கு இது புதிதில்லை.

தொட்டில் லேசாக அசைந்தது. ஒரு சின்னக் கால் வெளியே வந்தது. தவசிமுத்து பேனா மூடியைக் கழற்றினார். நயினார் கதவருகில் நின்று சைக்கிளைப் பார்த்தார், குளியலறைப் பக்கம் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ராஜகனி ஆட்டுகிற கையை மாற்றிக்கொண்டாள், கண்ணை மட்டும் உருட்டி "வாட்டி, வா" என்றாள். சத்தம் போட்டால் பிள்ளை முழித்துவிடும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

சந்தனக்கனி பேசினாள். அவள் பேச்சுக்கு எந்தப் பிள்ளையும் முழித்ததில்லை.

"இங்கேருங்க," என்றாள். "வீட்டுக்கு ஊட்டுங்க. ஒரு பிடி சரல்."

பதினைந்து வருடமாக வெல்டிங் சத்தத்தில் பாதிக் காது போன நயினாருக்கு அது கேட்டது. வீடு கட்டியபோது பால் காய்ச்சினார்கள், சாமி கும்பிட்டார்கள், மண்ணூட்டவில்லை. வீட்டின் வாய் இன்னும் மூடியிருக்காது. நயினார் தெருவுக்கு ஓடி ஒரு கை சரல் அள்ளி வந்து, நிலைப்படிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்தார்.

உள்ளே யாரோ பொரிகடலை தின்கிற சத்தம் கேட்டது. பிறகு வீடு எழுந்தது. ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் முழங்காலில் கை வைத்து எழுந்திருக்கிற மாதிரி, முனகிக்கொண்டு எழுந்தது. தவசிமுத்து கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். வீடு ஒரு எட்டு எடுத்து வைத்தது. தொட்டில் தானாக ஆடியது, வெளியே வந்த சின்னக் கால் உள்ளே போய்விட்டது. இரண்டாவது எட்டில் சமையலறை ஜன்னல் குலுங்கி மணி 'கிணிங்' என்றது.

ராஜகனி தொட்டிலை விட்டுவிட்டு ஓடினாள். தன் பழைய சைக்கிளின் மணியைப் பிள்ளை வாயைப் பொத்துகிற மாதிரி உள்ளங்கையால் பொத்தினாள். "இரு, இரு. நீ சும்மா இரு," என்று அதன் காதில் சொன்னாள். மூன்று, நான்கு, ஐந்து எட்டு வரைக்கும் பொத்தியே இருந்தாள்.

ஆறாவது எட்டில் வீடு வாசலைத் தாண்டித் தெருச் சரலில் வந்து உட்கார்ந்தது. முதல் படி முன்சக்கரத்தை முட்டி நின்றது. சந்தனக்கனி காலை ஊன்றினாள். படியில் ஊன்றினாள்.

அப்போதுதான் பிள்ளை எழுந்து, தொட்டிலுக்கு வெளியே தலையை நீட்டி, எல்லாரையும் பார்த்து ஒரு தும்மல் தும்மியது.

தவசிமுத்து ரெஜிஸ்டரைப் புரட்டிப் படித்தார். "வண்டியும் வீடும் தொட்டுக்கொண்டால் வந்ததாகக் கொள்க." சீட்டில் முத்திரையைக் குத்தினார். ஆக்சா பிளேடைப் பக்கத்துக்கு அடையாளமாக ரெஜிஸ்டருக்குள் வைத்து மூடினார். அவருடைய செருப்பு பழைய இடத்திலேயே கிடந்தது. போய் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு கட்டுன சைக்கிளு," என்று ராஜகனி தெருவைப் பார்த்துச் சொன்னாள். "கிடா இல்லல்லா, குதுரயில்லா!"

நயினார் குளியலறை ஜன்னலுக்கு ஒரு பழைய சாக்கைக் கட்டினார். சந்தனக்கனி படியிலேயே உட்கார்ந்து, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பலகை மாட்டினார்கள். 'எல்லா மண்ணுக்கும் சைக்கிள் கட்டித் தரப்படும். அளவு இங்கே எடுக்கப்படும்.' எழுத்து அவளுடையதுதான், கடைசி வார்த்தைக்கு இடம் போதாமல் கொஞ்சம் ஒடுங்கி இருந்தது.

மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் நிழல் விழுந்தது. சந்தனக்கனி திரும்பிப் பார்த்தாள். எதிரிலிருந்த மைனியின் வீடு அவள் வாசலில் வந்து நின்றது. அதன் வாய் ஓரத்தில் சரல் ஒட்டியிருந்தது. உள்ளே ராஜகனி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்கு," என்றாள் ராஜகனி கரண்டியோடு. "அதுக்கும் ஒண்ணு வேணுமாம்."

 பின்னால் யாராவது நின்றால் முன்னால் அனுப்பிவிடலாம் என்கிற மாதிரி வீடு திரும்பித் திரும்பிப் பார்த்தது. சந்தனக்கனிக்கு அந்த நிலைமை தெரியும். துடைப்பத்தைச் சாத்திவிட்டு, இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் போனாள்.

"கூச்சப்படாதீங்க," என்றாள் மெதுவாக. "கையத் தூக்குங்க."

வீடு இரண்டு ஜன்னலையும் தூக்கியது.