தாபித்தாவின் பேத்தி

சாலமன் தீவுகளிலிருந்து ஒரு பெண் விமானத்தில் வந்திறங்கியிருக்கிறாள், அவளுடைய பாட்டியின் ஊர் இதுதானாம் என்ற செய்தி, அவள் ஊருக்குள் வருவதற்கு முன்பே நகிபேயின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒனொதோவா அவ்வளவு ஒடுங்கலான தீவு. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும்.

"உங்க அத்தை வழியா இருக்குமோ?" என்றாள் அவன் மனைவி தெரேசியா, தாழை ஓலையைக் கிழித்தபடி.

நகிபேக்கும் ஏற்கெனவே அந்த யோசனைதான். அவன் பிறப்பதற்கு முன்னால், பெரும் பஞ்சத்தில், அப்பாவின் அக்கா கோமெங்கா புருஷனோடு கப்பலேறி, கிழக்கே ஆளில்லாத தீவுகளில் குடியேறப் போனாள். அங்கேயும் கிணறுகள் வற்ற, அரசாங்கம் அவர்களை வாரி சாலமன் பக்கம் கொண்டுபோய் இறக்கியது. அவள் பங்கான முப்பத்திரண்டு தென்னையும், ஊற்று நீர் வரை தோண்டிச் சேம்பு நட்ட குழியில் பாதியும் தம்பியிடம் நின்றன. தம்பிக்குப் பிறகு நகிபேயிடம்.

இப்போதும் பஞ்சம்தான். பதினான்கு மாதமாக மழை இல்லை. கிணற்று நீர் உப்புக் கரித்தது. தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது.

"கேட்டா வாயைத் திறக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள் தெரேசியா. "நாலு பிள்ளைங்களுக்கு இருக்கிறதே இந்தக் குழிதான்."

மறுநாள் ஊர்க் கிழவர்கள் சபைக் கூடமான மனேயாபாவில் கூடினார்கள். அந்தப் பெரிய ஓலைக் கூரையின் கீழ் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கைமரம், ஒரு பாய் அகலம் இடம். வேறொருவர் இடத்தில் யாரும் மறந்தும் உட்கார மாட்டார்கள். வந்தவள் விருந்தாளிகளின் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெயர் ரூட்டா, வயது நாற்பதுக்குள். பேச்சு ஊர்ப் பேச்சுதான். இடையிடையே யாருக்கும் புரியாத சாலமன் சொல் ஒன்று வந்து விழும்.

"நிலம் கேட்டு வரலை, பெரியவங்களே. அங்க எங்களை வந்தேறிங்கிறாங்க. 'உன் ஊர் எது, அங்க போ'ங்கிறாங்க. என் இடம் எந்தக் கைமரத்துக்குக் கீழன்னு தெரிஞ்சாப் போதும். எங்க அப்பா சியோசி. அவரோட அம்மா தாபித்தா, இந்த ஊர்க்காரி."

மூத்தவர் இயோதெபா தாடையைச் சொறிந்தார். "தாபித்தாவா? அந்தப் பேர்ல இங்க ஒருத்தியும் இருந்ததில்லையே, மகளே. பக்கத்துத் தீவுல விசாரிச்சியா? அங்க கல்லை எடுத்து எறிஞ்சா ஒரு தாபித்தா மேல விழும்."

சிரிப்பலை எழுந்தது. ரூட்டாவும் சிரித்தாள், ஆனால் முகம் கறுத்துவிட்டது. நகிபே தன் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோமெங்கா அக்கரையில் ஞானஸ்நானம் வாங்கித் தாபித்தா ஆனாள் என்று கடிதம் வந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். அதை அறிந்தவன் ஊரில் அவன் ஒருவனே. சும்மா இருப்பது பொய்யாகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். இன்னும் ஒருநாள் விசாரிப்போம் என்று கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை அவன் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு சேம்பையும் சுற்றிப் பின்னியிருந்த ஓலைக் கூடைக்குள் இலைமக்கு இட்டுக்கொண்டிருந்தான். மேலே நிழல் விழுந்தது. ரூட்டா.

"யார் குழி மாமா இது? ஆளில்லாத குழி மாதிரி கிடக்கே! இலையெல்லாம் மஞ்சள் பூத்துப்போச்சு."

"என் குழிதான்."

"அய்யோ, மன்னிச்சிடுங்க. ஆனா கூடை இவ்வளவு இறுக்கமா பின்னினா வேர் எங்க போகும்? தளர்த்தி விடுங்க."

அறுபதை நெருங்குகிறவனுக்குச் சேம்பு நடச் சொல்லித் தருகிறாள்! நகிபேக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. இவளுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடைக்கக் கூடாது என்று அந்தக் கணமே முடிவுகட்டினான்.

அன்றைய கூட்டத்தில் இயோதெபா பொதுவாகக் கேட்கவில்லை. கைமரம் கைமரமாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நகிபேயிடம் வந்தார்.

"நகிபே, உங்க அப்பனுக்கு ஒரு அக்கா கப்பலேறிப் போனாளே. அவளா இருக்குமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். எதிரே ரூட்டா குனிந்து, பயணப் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை விமானத்துக்கு இப்போதே தயாராகிவிட்டவள் போல. இல்லை என்றால், பிறந்த அத்தையைப் பிறக்கவில்லை என்று ஊர் நடுவே சொன்னதாகும்.

"அவதான்" என்றான். "இங்க கோமெங்கா. அங்க போய் ஞானஸ்நானம் வாங்கித் தாபித்தா ஆனா. அப்பா சொல்லியிருக்காரு."

"நேத்து ஏன்டா சொல்லலை?"

"நேத்து சொல்ல மனசில்லை, பெரியவரே."

யாரும் சிரிக்கவில்லை. நகிபே எழுந்து தன் பாயை ஒரு முழம் நகர்த்தினான். ரூட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையின் வாரை அவள் இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல், "கால் நீட்டாதே, பெரியவங்க இருக்காங்க" என்று மட்டும் சொன்னான்.

நிலம் கேட்டு வரவில்லை என்று அவள் சொன்னதைக் கிழவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடம் உண்டென்றால் பங்கும் உண்டு. அந்த வாரமே எல்லைக்கல் நட்டார்கள். முப்பத்திரண்டு தென்னையோடு குழியில் கிழக்குப் பாதி, நல்ல பாதி, அவளுக்குப் போயிற்று. தெரேசியா ஒன்பது நாள் புருஷனோடு பேசவில்லை. பத்தாம் நாள், "உண்மை பேசுறவருக்குச் சோறு எதுக்கு?" என்று கேட்டபடி வறுத்த மீனை அவன் முன்னே தள்ளினாள். அதோடு பேச்சு வந்தது.

ரூட்டா திரும்பிப் போகவில்லை. தன் பாதியில் கூடைகளைத் தளர்த்தினாள். அப்படியும் எட்டுச் செடி பட்டுப்போனது. நகிபேக்கு அதில் கொஞ்சம் திருப்தி இருந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டான். ஒரு விடியலில் தன் மரத்தில் இறக்கிய பதநீரில் ஒரு குடுவையை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

மழை அடுத்த ஆண்டுதான் வந்தது. மழைக்குப் பிறகு வந்த சரக்குக் கப்பலில் அவள் புருஷனும் மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நிற்க, படகில் ஆட்களை இறக்கினார்கள். புருஷன் மலைபோல் ஆள். கப்பல் ஆட்டத்தில் வாந்தியெடுத்துப் பிணம்போல் கிடந்தான். நகிபே இடுப்பளவு நீரில் இறங்கி நடந்துபோய், கடைசிப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அது அவன் காதைப் பிடித்துக்கொண்டு சாலமன் மொழியில் என்னவோ கேட்டது. அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே கரையைப் பார்த்து நடந்தான்.